பணம் போன வழி

3 ஜூன் 2025, செவ்வாய்

ஆபீஸ் பூட்டும் நேரத்துக்கு முக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். பீடி சுற்றுகிறவர். கையில் பாஸ்புக், ஓரம் விரிந்த செல்போன், கூடவே ஒன்பதாம் வகுப்புக்குப் போகிற மகன். மகளிர் குழுக் கடனாக வந்த பணத்தில் 58,400 ரூபாய் கோடை விடுமுறைக்குள் காணாமல் போயிருக்கிறது. பையன் லைவ் ஆப்பில் கேம் விளையாடிக் காட்டும் ஒருவருக்கு 'கிஃப்ட்' அனுப்பியிருக்கிறான். முதலில் 49, 99 என்று போயிருக்கிறது. மே மாதத்தில் ஒரே ராத்திரியில் 1,999 ரூபாய் நாலு தடவை.

"பேங்குல கேட்டா, ஒங்க போன்ல இருந்து ஒங்க நம்பர் போட்டுத்தான் போயிருக்குன்னு சொல்லுதாவ. போலீஸ்ல கேட்டா, திருடு போவலயேம்மான்னு சொல்லுதாவ. அந்தப் பய யாருன்னு கண்டுபிடிச்சு, அவன்கிட்ட இருந்து வாங்கித் தாங்க வக்கீலம்மா."

பையன் தலையைத் தூக்கவே இல்லை. குழுவுக்கு வாரத் தவணை கட்ட வேண்டும். மற்ற பெண்களுக்கு விஷயம் தெரிந்தால் அடுத்த கடன் கிடைக்காது. அதுதான் அக்காவின் பெரிய பயம். இரவு சாப்பிட உட்கார்ந்தபோதும் அதே நினைப்பாக இருந்தது. ஆயிரம் பீடி சுற்றினால் என்ன கூலி என்று எனக்குத் தெரியும். அதனால் இந்தத் தொகையை வெறும் எண்ணாகப் பார்க்க முடியவில்லை.

4 ஜூன், புதன்

வங்கிக் கணக்கு விவரத்தை வரிவரியாகப் பார்த்தேன். லைவ் நடத்தியவரின் பெயர் எந்த இடத்திலும் இல்லை. பணம் போனது ஆப் நிறுவனத்துக்கு. நிறுவனம் அதற்குக் காயின் விற்கிறது. காயினைக் கொடுத்துப் பையன் ரோஜா, சிங்கம், கார் என்று திரையில் பறக்கிற படங்களை வாங்குகிறான். அந்தப் படம் லைவ் நடத்துபவரின் கணக்கில் புள்ளியாக ஏறுகிறது. புள்ளியைப் பிறகு நிறுவனமே ரூபாயாக மாற்றித் தருகிறது. காயின் விற்கும் விலைக்கும் புள்ளியை மாற்றும் விலைக்கும் நடுவில் இருப்பது நிறுவனத்தின் வருமானம். யூட்யூபின் சூப்பர் சாட்டில் தளம் எடுத்துக்கொள்வது 30 சதவீதம் என்பது வெளிப்படையாகத் தெரிந்த கணக்கு. இம்மாதிரிக் காயின் ஆப்களில் கணக்கு அவ்வளவு தெளிவாக வெளியே வருவதில்லை.

ஆக, அக்கா தேடச் சொன்ன ஆளிடம் பணம் நேராகப் போகவில்லை. கேட்க வேண்டிய இடம் வேறு.

இன்று செய்தவை: வங்கிக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, ரகசிய எண்ணை வாடிக்கையாளரே பகிர்ந்திருந்தால் புகார் கொடுக்கும் வரை ஏற்பட்ட இழப்பு அவர் தலையில்தான். புகாருக்குப் பிறகு போவது வங்கியின் பொறுப்பு. பழைய பணம் இந்த வழியில் வராது, ஆனால் இனிமேல் போகாமல் ஒரு வேலி. எண்ணையும் மாற்றச் சொன்னேன். அடுத்து, ஆப்பின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல். 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள்படி 24 மணி நேரத்தில் பெற்றதாகச் சொல்ல வேண்டும், 15 நாளில் தீர்க்க வேண்டும். பணத்தைத் திருப்பக் கேட்டதோடு, கணக்கின் பதிவுகளையும் லைவ் பதிவுகளையும் அழிக்காமல் வைக்கும்படி கேட்டிருக்கிறேன். பதிவு போய்விட்டால் வழக்கும் போய்விடும்.

கூகுள் பிளே வழியாக வாங்கியிருந்தால் 48 மணி நேரத்துக்குள் அங்கேயே திருப்பிக் கேட்க ஒரு வழி உண்டு. இங்கே எல்லாம் ஆப்புக்குள்ளேயே யுபிஐ மூலம் போயிருக்கிறது.

6 ஜூன், வெள்ளி

சீனியர் சாரிடம் வழக்குக் கட்டைக் காட்டினேன். முதல் கேள்வியே அடிமடியில் கைவைத்தது. "கொடுத்தது தானம்மா. மனசார கொடுத்து, அவன் வாங்கிக்கிட்டான். அப்புறம் எப்படித் திருப்பிக் கேப்ப?"

வயது வந்தவர் விஷயத்தில் அவர் சொல்வது சரி. சொத்து மாற்றுச் சட்டத்தின் 122-ஆம் பிரிவு: விருப்பத்தோடு, பிரதிபலன் இல்லாமல் கொடுத்து, மற்றவர் ஏற்றுக்கொண்டால் தானம் முடிந்தது. அசையும் பொருளைக் கையில் கொடுத்தாலே போதும். 126-ஆம் பிரிவின்படி, ஓர் ஒப்பந்தத்தை ரத்து செய்யக்கூடிய காரணம் ஏதாவது இருந்தால் திரும்பப் பெறலாம்: ஏமாற்று, மிரட்டல், தகாத செல்வாக்கு. லைவில் ஒரு பெண் சிரித்துப் பேசினாள், பிறகு பேசவில்லை என்பது ஏமாற்று ஆகாது. அம்மாவுக்கு ஆபரேஷன் என்று பொய் சொல்லி வாங்கியிருந்தால் அது ஏமாற்று. அப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவும் வரும். 1930-க்கு உடனே போன் செய்தால் பணம் நிற்கிற கணக்கை முடக்கவும் வழி உண்டு. இந்த வித்தியாசம் தெரியாமல் பலர் அலைகிறார்கள்.

ஆனால் நம் வழக்கில் கொடுத்தவனுக்கு வயது 14. அதே சட்டத்தின் 7-ஆம் பிரிவு, ஒப்பந்தம் செய்யத் தகுதியுள்ளவர்தான் சொத்தை மாற்றிக் கொடுக்க முடியும் என்கிறது. மைனருக்கு அந்தத் தகுதி இல்லை. காயின் வாங்கியதை வியாபாரம் என்றால் ஒப்பந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு தடுக்கிறது. கிஃப்ட் என்றால் இந்த 7-ஆம் பிரிவு தடுக்கிறது. இரண்டு கதவும் அடைபட்டிருக்கிறது என்று சொன்னேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பணம் பையனோடதா?" என்று மட்டும் கேட்டார்.

பணம் அம்மாவுடையது. ராத்திரி முழுக்க அந்தக் கேள்விதான்.

8 ஜூன், ஞாயிறு

மோஹரி பீபி வழக்கை மறுபடி எடுத்துப் படித்தேன். சட்டக் கல்லூரியில் எல்லோரும் ஒரு வரியில் மனப்பாடம் செய்கிற தீர்ப்பு: மைனரின் ஒப்பந்தம் தொடக்கம் முதலே செல்லாது. 1903, பிரிவி கவுன்சில். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கிற அம்மாவைப் பற்றி யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

கல்கத்தாவில் தர்மோதாஸ் கோஷ் என்ற இளைஞன் தன் வீடுகளை அடமானம் வைத்து 20,000 ரூபாய் கடனுக்கு எழுதிக் கொடுக்கிறான். தேதி 1895 ஜூலை 20. நீதிமன்றம் காப்பாளர் நியமித்திருந்ததால் அவனுக்கு 21 வயது ஆனால்தான் மேஜர். ஜூலை 15-ஆம் தேதியே அவன் அம்மா, தன் அட்டர்னி மூலமாக, கடன் கொடுப்பவரின் அட்டர்னியான கேதார்நாத்துக்குக் கடிதம் அனுப்பிவிட்டார்: என் மகன் மைனர், அவனுக்குக் கடன் கொடுத்தால் அதன் விளைவு உங்களைச் சேர்ந்தது என்று. அதைத் தெரிந்துகொண்டும் கேதார்நாத் பையனிடம் 'நான் மேஜர்' என்று எழுதி வாங்கிக்கொண்டார். செப்டம்பரில் அம்மாவே மகனுக்காக வழக்குப் போட்டார். லண்டன் வரை போய் ஜெயித்தது. மைனர் என்று தெரிந்தே கொடுத்தவருக்குப் பணத்தைத் திருப்பித் தரும்படி உத்தரவிட நீதிமன்றம் மறுத்தது. உண்மை தெரிந்திருந்தவர், பொய் உறுதிமொழியை நம்பி ஏமாந்தேன் என்று சொல்ல முடியாது என்பதும் அதில் உண்டு.

'நான் 18 வயது நிரம்பியவன்' என்று ஆப்பில் ஒரு கட்டத்தைத் தட்ட வைக்கிறார்களே, அதைக் கேதார்நாத் வாங்கிய காகிதத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். நிறுவனத்துக்கு உண்மை தெரிந்திருந்தது என்று காட்ட முடிந்தால், அந்தக் கட்டத்துக்கு மதிப்பில்லை. காட்ட முடியுமா?

10 ஜூன், செவ்வாய்

இதே மாதிரி விஷயம் என்று கேள்விப்பட்டு மேலப்பாளையம் பக்கமிருந்து இன்னொரு பெண் வந்தார். கணவர் லைவில் பாடுகிற ஒரு பெண்ணுக்கு மாதக்கணக்காக அனுப்பியிருக்கிறார். கடைசியில் இவருடைய சங்கிலியும் வளையலும் அடகுக்கடையில்.

இவருக்கு நான் சொன்னது கசப்பான பதில். கணவர் மேஜர், சொந்தப் பணம், விருப்பத்தோடு கொடுத்தது. தமிழ்நாட்டில் கணவனும் மனைவியும் சேர்த்த சொத்து இருவருக்கும் பொது என்ற சட்டம் இல்லாததால், பாடகியிடமிருந்தோ ஆப்பிடமிருந்தோ மனைவி திருப்பிக் கேட்க வழியில்லை. நகை விஷயம் அப்படியல்ல. அது அவருடைய சீதனம். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, மனைவியின் சீதனத்தைக் கைமாற்றுவதையும் வீட்டுச் செலவுக்கான பணத்தைத் தடுப்பதையும் பொருளாதார வன்முறை என்று சொல்கிறது. மாஜிஸ்திரேட்டிடம் போனால் 18-ஆம் பிரிவில் சொத்தையும் வங்கிக் கணக்கையும் தொடவிடாமல் தடை, 20-ஆம் பிரிவில் பணம் கேட்கலாம். எல்லாம் கணவரிடமிருந்துதான்.

"அப்ப அவளுக்குப் போனது போனதுதானா மேடம்?" என்றார். ஆமாம் என்று சொல்வதற்குத் தொண்டை அடைத்தது. சொன்னேன். பொய் நம்பிக்கை கொடுத்து வாய்தா வாய்தாவாக இழுப்பதைவிட இது மேல்.

13 ஜூன், வெள்ளி

பையனைத் தனியாக உட்கார வைத்துப் பேசினேன். அம்மாவை வெளியே அண்ணாச்சியோடு டீ குடிக்க அனுப்பினேன். அண்ணாச்சி எங்கள் குமாஸ்தா, பேச ஆரம்பித்தால் ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

முதலில் ஒற்றை வார்த்தைதான் வந்தது. பிறகு அவனே சொன்னான். பிகே என்று ஒன்று உண்டாம். இரண்டு பேர் நேருக்கு நேர் லைவில் மோதுவார்கள். ஐந்து நிமிடம் கடிகாரம் ஓடும். யார் பக்கம் கிஃப்ட் அதிகம் விழுகிறதோ அவர் ஜெயித்தார். கடைசி நிமிடத்தில் லைவ் நடத்துபவர் "நம்ம பசங்க எல்லாம் எங்கடா போயிட்டீங்க" என்று கத்துவாராம். அனுப்பினால் பெயர் சொல்லி நன்றி. மேலே வரிசைப் பட்டியலில் முதல் மூன்று இடம். "எங்க கிளாஸ்ல ஒருத்தனும் என்கூட சேர மாட்டாம் மேடம். அந்த அண்ணன் என் பேரச் சொன்னாரு."

இதைக் கேட்டபின் அவனைத் திட்ட யாருக்கும் மனசு வராது. அந்த ஐந்து நிமிடத்தை வடிவமைத்தவர்கள் பெரியவர்கள். ஒரு குழந்தைக்கு எது வேண்டும் என்று தெரிந்து அதை விலை போட்டு வைத்திருக்கிறார்கள். கோபமாக வந்தது, இப்போதும் இருக்கிறது.

பிறகுதான் நான் தேடியது கிடைத்தது. ஒரு நாள் லைவ் நடத்துபவர் அவனைக் கெஸ்ட்டாக இணைத்துப் பேசியிருக்கிறார். "தம்பி எந்த கிளாஸ்?" என்று கேட்க, இவன் எட்டு முடிச்சிட்டேன் என்று சொல்ல, "சூப்பர்டா தம்பி" என்று அடுத்த கிஃப்ட்டுக்குக் கவுண்டவுன் ஓடியிருக்கிறது. பெருமைக்காகப் பையன் அதைத் திரைப்பதிவு செய்து வைத்திருக்கிறான். போனிலேயே இருக்கிறது. 1895-இல் அந்த அம்மா எழுதிய கடிதத்துக்கு நிகரானது இந்தப் பதிவு.

போனை இனி யாரும் தொடக் கூடாது என்று உறையில் போட்டேன். பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் இரண்டு பாகம்: ஒன்று அக்கா கையெழுத்திட, இன்னொன்று நிபுணர். அதற்கு ஆள் பார்க்க வேண்டும்.

15 ஜூன், ஞாயிறு

சீனாவில் இதை எப்படித் தீர்க்கிறார்கள் என்று நாள் முழுக்கப் படித்தேன். அங்கே இது பெரிய தொழில், வழக்குகளும் அதற்கேற்ப.

2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த அவர்களுடைய சிவில் சட்டத் தொகுப்பில், 8 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தை செய்த எதுவும் செல்லாது. 8 முதல் 18 வரை, வயதுக்கும் அறிவுக்கும் பொருந்தியது மட்டும் செல்லும். மற்றதற்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். அதற்கு முன்பே, 2020 மே மாதம் கொரோனா காலத்தில், பள்ளி மூடிக் குழந்தைகள் போனோடு இருந்தபோது, உச்ச மக்கள் நீதிமன்றம் வழிகாட்டுதல் வெளியிட்டது: பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் குழந்தை வயதுக்கு மீறி லைவில் அனுப்பிய பணத்தைத் திருப்பிக் கேட்டால் நீதிமன்றம் ஆதரிக்க வேண்டும் என்று. எந்த நேரத்தில் அனுப்பினான், என்ன மாதிரி லைவ் பார்த்தான், என்ன எழுதினான் என்பதையெல்லாம் வைத்துக் குழந்தைதான் செய்தது என்று முடிவு செய்கிறார்கள். பெற்றோரின் கவனக்குறைவுக்காக ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பச் சொன்ன தீர்ப்புகளும் உண்டு. 2022 மே மாதத்தில் அரசு இன்னொரு அடி வைத்தது: மைனர்கள் கிஃப்ட் அனுப்புவதற்கே தடை, அனுப்பியவர்களின் வரிசைப் பட்டியலை ஒரு மாதத்துக்குள் எடுக்க உத்தரவு, இரவு 8 முதல் 10 வரை ஒரு கணக்குக்கு இரண்டு பிகேவுக்கு மேல் கூடாது.

மேலப்பாளையம் பெண்ணுக்கான பதிலும் அங்கே பாதி இருக்கிறது. 2025 பிப்ரவரி 1 முதல், கணவனோ மனைவியோ மற்றவர் சம்மதமில்லாமல் பொதுச் சொத்திலிருந்து குடும்ப வரவுசெலவுக்கு மிஞ்சி லைவில் கொட்டினால் அது ஊதாரித்தனம். மற்றவர் திருமண வாழ்வு தொடரும்போதே சொத்தைப் பிரித்துக் கேட்கலாம், விவாகரத்தில் கொட்டியவரின் பங்கைக் குறைக்கலாம். அங்கேயும் இதில் லைவ் நடத்துபவரிடம் போகவில்லை, வீட்டுக்குள்தான் தீர்வு.

நம்மிடம் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் இருக்கிறது, 1903 தீர்ப்பு இருக்கிறது. சட்டக் கொள்கையில் நாம் அவர்களைவிடக் கடுமை: இங்கே 17 வயதுப் பையன் போட்ட ஒப்பந்தமும் செல்லாது. ஆனால் லைவ் என்று பெயர் சொல்லி, நிரூபிக்கும் சுமையைத் தளத்தின் மேல் வைத்து ஒரு விதி இல்லை. அதனால் ஒவ்வொரு பீடி சுற்றும் அம்மாவும் தன் வழக்கை அடித்தளத்திலிருந்து கட்ட வேண்டியிருக்கிறது. அப்படி ஒரு விதி வேண்டும். உடனே வேண்டும்.

19 ஜூன், வியாழன்

பதினைந்தாம் நாள் பதில் வந்தது. நாலு வரி. கணக்கு வைத்திருப்பவர் 18 வயது நிரம்பியவர் என்று உறுதியளித்துள்ளார். பணம் கணக்குதாரரின் ரகசிய எண்ணால் செலுத்தப்பட்டது. காயினுக்குப் பணம் திருப்பப்படாது. நல்லெண்ணத்தின் அடையாளமாக அதே கணக்கில் 2,000 காயின் ஏற்றப்பட்டுள்ளது.

அக்காவிடம் போனில் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "மறுபடி அனுப்பச் சொல்லுதாவளா?" என்றார்.

25 ஜூன், புதன்

சீனியர் சாரோடு நீண்ட விவாதம். எனக்கு நுகர்வோர் ஆணையம் பிடித்திருந்தது: அக்கா இருக்கிற ஊரிலேயே போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. சார் கேட்டார்: "அந்தம்மா கம்பெனியோட ஒப்பந்தமே போடலைங்கறதுதான் உன் வாதம். ஒப்பந்தமே போடாதவ எப்படி நுகர்வோர் ஆவா?" சிக்கலான சாட்சியம் என்று ஆணையம் சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லவும் வாய்ப்புண்டு.

சிவில் வழக்குதான். இந்தப் பணம் உங்களிடம் இருக்க எந்த ஒப்பந்தமும் ஆதாரமாக இல்லை, எனவே என்னுடையது என்பது வாதம். கெடு மூன்று வருடம். வழக்கு பெங்களூரில்தான் நடக்க வேண்டும் என்று ஆப்பின் விதிமுறையில் இருப்பது, விதிமுறைக்குக் கட்டுப்படாத அக்காவைத் தடுக்காது. பெண்ணுக்கும் குழந்தைக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 1987 சட்டத்தின் 12-ஆம் பிரிவு. கோர்ட் கட்டணமும் அதில் அடங்கும்.

எதிர்த்தரப்பு எங்கே அடிக்கும் என்றும் பார்த்தோம். ஒப்பந்தச் சட்டத்தின் 184-ஆம் பிரிவுப்படி மைனரும் ஏஜென்ட் ஆகலாம். பாலுக்கும் காய்கறிக்கும் அம்மாவே பையனிடம் எண்ணைக் கொடுத்து அனுப்பச் சொன்னார். ஆகவே அவன் அம்மாவின் ஏஜென்ட், 237-ஆம் பிரிவுப்படி அம்மா கட்டுப்பட்டவர் என்பார்கள். இதுதான் அவர்களின் பலமான வாதம். அந்தப் பிரிவு கேட்பது, தன் சொல்லாலோ நடத்தையாலோ எதிராளியை நம்ப வைத்தாரா என்று. அக்கா அந்த நிறுவனத்தின் பெயரையே மே கடைசியில்தான் கேள்விப்பட்டார். பால்காரரை நம்ப வைத்தார், இவர்களை அல்ல. கணக்கின் பெயரும் படமும் பையனுடையவை. அவன் எட்டாம் வகுப்பு முடித்தவன் என்று ஒரு லைவ் முழுக்கக் கேட்டது.

4 ஜூலை, வெள்ளி

ஆனித் திருவிழாக் கூட்டத்தில் டவுன் ரோடு நெரிகிறது. அக்கா பஸ் இறங்கி நடந்தே வந்தார். வக்காலத்தில் கையெழுத்து. குழுத் தலைவியிடம் அவரே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். தவணைக்கு மூன்று மாதம் பொறுத்துக்கொள்கிறார்கள்.

வழக்குரையில் பிரதிவாதி நிறுவனம் மட்டும்தான். படித்துக் காட்டியதும் அக்கா கேட்டார்: "அந்தப் பயல விட்டுட்டீயளே?"

காயினை விற்றது நிறுவனம், காசை வாங்கியது நிறுவனம், வாங்கியவரே திருப்பித் தர வேண்டும் என்று சொன்னேன். அவரைச் சேர்த்தால், பணம் அவரிடம் போய்விட்டது என்று நிறுவனம் கையை விரிக்கும். அவரோ மாற்றி வாங்கியது அதில் ஒரு பங்கைத்தான். ஆனால் அவரை விடவில்லை. சாட்சிப் பட்டியலில் மூன்றாவதாக இருக்கிறார். சம்மன் போகும். கூண்டில் ஏறி, அந்தக் கெஸ்ட் காலில் 'தம்பி எந்த கிளாஸ்' என்று கேட்டீர்களா, என்ன பதில் வந்தது, அதற்குப் பிறகு எத்தனை கிஃப்ட் வாங்கினீர்கள் என்பதற்கு அவர் பதில் சொல்ல வேண்டும்.

"மொத சாட்சி நாந்தானே?" என்றார் அக்கா. ஆமாம் என்றேன். இரண்டாவது பையன். அவனை நீதிபதியின் அறையில் வைத்து விசாரிக்கும்படி தனி மனு எழுதி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை இரண்டையும் சேர்த்துத் தாக்கல் செய்ய அண்ணாச்சியிடம் கட்டு கொடுத்தாயிற்று.